ஊர் ஏரியைக் காப்பது: உள்ளாட்சியிடம் எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது

ஏரிக்குள் லாரி வந்து மண் கொட்டத் தொடங்கிய பிறகுதான் நம்மில் பெரும்பாலோர் ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடுகிறோம். அங்கே கிடைக்கும் பதில் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "அது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, தாசில்தாரைப் பாருங்கள்." தாசில்தார் அலுவலகத்தில் நீர்வளத்துறையைக் கைகாட்டுவார்கள், நீர்வளத்துறைப் பொறியாளரோ அந்த ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்கு உரியது என்பார். இந்த மூன்று பதில்களிலும் ஓரளவு உண்மை இருப்பதுதான் சிக்கல். எந்தப் பகுதி யாருடைய பொறுப்பு என்பதைத் தெரிந்துகொண்டு, அதற்கான தாளைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவரை மட்டும் இப்படி அலைக்கழிக்க முடியாது. தமிழ்நாட்டின் கிராம ஊராட்சி ஒன்றில் வசிக்கும் ஒருவர், தம் ஊர் ஏரி, குளம், மேய்ச்சல் நிலம் ஆகியவற்றின் மீது உள்ளாட்சி கண்காணிப்புச் செலுத்துமாறு செய்வதற்கான வழிமுறையை இங்கே விளக்குகிறேன். நகர்ப்புறத்தாருக்கும் பெரும்பகுதி பொருந்தும். அவர்களுக்குக் கிராம சபைக்குப் பதிலாகப் பகுதி சபையும் வார்டு குழுவும் உள்ளன.

பொறுப்பு எப்படிப் பிரிந்து கிடக்கிறது

ஆயக்கட்டு (ஏரி நீர் பாயும் பாசன நிலம்) 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர், அல்லது அதற்கு மேல் உள்ள ஏரிகளும் கண்மாய்களும் நீர்வளத்துறையின் பராமரிப்பில் இருக்கின்றன; 2021 வரை இவை பொதுப்பணித்துறையிடம் இருந்தன. அதற்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரிகளை ஊராட்சி ஒன்றியம் பார்த்துக்கொள்கிறது. குட்டை, ஊருணி, குடிநீர்க் குளம் போன்றவை கிராம ஊராட்சியிடமும், கோயில் தெப்பக்குளங்கள் பெரும்பாலும் அறநிலையத்துறையின் கட்டுப்பாட்டிலும் வரும். ஆனால் பராமரிப்பு யாரிடம் இருந்தாலும், நிலத்தின் வகைப்பாட்டைப் பதிவேட்டில் வைத்திருப்பது வருவாய்த்துறைதான். ஆகவே ஆக்கிரமிப்பு என்று தீர்மானிப்பதற்கும் எல்லையை அளந்து கல் நடுவதற்கும் வருவாய்த்துறையும் நில அளவைத்துறையும் இல்லாமல் ஆகாது.

அப்படியானால் ஊராட்சிக்கு என்னதான் அதிகாரம் என்று கேட்கலாம். ஆக்கிரமிப்பு வேர்பிடிக்கும் இடமே ஊராட்சி அலுவலகம்தான். ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பில், போட்ட ஒரு கொட்டகை, வீட்டு வரி ரசீது கிடைத்ததும் வீடாகிறது. பிறகு தெருக்குழாய் வருகிறது, அதைக் காட்டி மின் இணைப்பு வருகிறது, கடைசியில் ஊராட்சிப் பணத்திலேயே சிமெண்ட் சாலை போடப்படுகிறது. இவற்றில் மின் இணைப்பைத் தவிர மற்ற எல்லாம் ஊராட்சியின் கையில் இருப்பவை. மனைப்பிரிவுக்கும் வீட்டு வரைபடத்துக்கும் அனுமதி வழங்குவது, மீன்பாசி குத்தகை விடுவது, கரையிலுள்ள மரங்களை ஏலம் விடுவது, குப்பை எங்கே கொட்டப்பட வேண்டும் என்று முடிவெடுப்பது ஆகியவையும் பெரும்பாலும் உள்ளாட்சியின் வேலைகளே. "எங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று சொல்லும் தலைவரிடம் இந்தப் பட்டியலைத்தான் முன்வைக்க வேண்டும். நீர்நிலை நிலங்களைப் பத்திரப்பதிவு செய்வதற்கும், அவற்றின் மேல் எழும் கட்டடங்களுக்குத் திட்ட அனுமதியும் இணைப்புகளும் வழங்குவதற்கும் எதிராகச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-ல் கண்டிப்பான உத்தரவுகளைப் பிறப்பித்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

முதலில் தாள், பிறகுதான் தடி

ஏரியைப் பற்றிப் பேசும் முன் அதன் சர்வே எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராம வரைபடத்தில் ஏரி எந்தெந்த எண்களில் இருக்கிறது என்று பார்த்து, அந்த எண்களுக்குரிய 'அ' பதிவேட்டுச் சாற்றை (ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பையும் வகைப்பாட்டையும் காட்டும் கிராம நிலப்பதிவேடு அது) அரசின் இ-சேவைத் தளத்தில் எடுத்துவிடலாம். புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கும் வசதியும் அங்கே உண்டு. சாற்றில் பரப்பையும் வகைப்பாட்டையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. உட்பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். 112 என்று ஒரே எண்ணாக இருந்த ஏரி இன்று 112/1, 112/2, 112/3 என்று பிரிந்திருந்தால், ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவருக்காக அல்லது ஏதோ ஒரு துறைக்காக அது வெட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில் என்பது அடுத்த கேள்வி.

இந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் பழைய பதிவேட்டில் இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தின்போது தமிழ்நாடு முழுவதும் நிலப்பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது நேர்ந்த பிழைகள் பல; பிழை என்ற பெயரில் நடந்தவையும் உண்டு என்பது கிராமக் கணக்குகளோடு பழகிய எவருக்கும் தெரியும். எனவே அத்திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டையும் பிந்தையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். பழையதில் 'ஏரி', 'ஓடை', 'வாய்க்கால்', 'மேய்க்கால்' என்று எழுதியிருந்த எண், புதியதில் 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்று மாறியிருந்தால், அங்கேதான் கதை தொடங்குகிறது. தரிசாக மாறிய நிலத்தை ஒப்படை செய்ய, அதாவது தனியாருக்குப் பட்டாவாக வழங்க, முடியும். நீர்நிலைப் புறம்போக்கை அவ்வாறு எளிதில் செய்ய முடியாது. ஒப்படை செய்யக் கூடாத நிலங்களைக் குறித்துவைக்கும் தடையாணைப் புத்தகம் என்ற ஒன்றும் வருவாய்த்துறையில் உண்டு. உங்கள் ஏரியின் எண் அதில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இணையத்தில் கிடைக்காதவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-ன் கீழ் கேட்க வேண்டும். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். மனு எழுதும் விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். "ஏரியை ஏன் பாதுகாக்கவில்லை?" என்பது சட்டப்படி ஒரு தகவல் அன்று, அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "இந்தக் கிராமத்தின் இந்தச் சர்வே எண்ணுக்குரிய பழைய 'அ' பதிவேட்டின் சான்றிட்ட நகல், புலப்பட நகல், கடந்த ஐந்து பசலிகளுக்கான அடங்கல் நகல், இந்த எண்ணில் வழங்கப்பட்ட பி மெமோக்களின் விவரம்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். புலப்படம் என்பது அந்த எண்ணின் அளவை வரைபடம்; அடங்கல் என்பது பயிர்க் கணக்கு; பசலி என்பது ஜூலையில் தொடங்கும் வருவாய் ஆண்டு; பி மெமோ என்பது ஆக்கிரமிப்புக் குறிப்பு. அதே மனுவில் கோப்பையும் பதிவேட்டையும் நேரில் பார்வையிட விரும்புவதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரப் பார்வைக்குக் கட்டணம் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் கண்ணில் படுவது, நூறு பக்க நகலில் கிடைக்காததாக இருக்கலாம். ஊராட்சிக்குத் தனி மனு போட வேண்டும்: அந்த எண்ணிலுள்ள கட்டடங்களுக்கு வீட்டு வரி போடப்பட்டிருக்கிறதா, மீன்பாசி குத்தகை யாருக்கு, என்ன நிபந்தனையில் விடப்பட்டது, ஏரியின் மேல் செலவழித்த பணிகளின் அளவுப் புத்தகம் எங்கே என்பனவே அதற்கான கேள்விகள். பதில் வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ, 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதன் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம்.

கரையில் நடந்து பார்ப்பது

தாள்கள் கைக்கு வந்ததும் புலப்படத்தை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்து பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். ஆயக்கட்டு விவசாயி ஒருவரும், மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிப் பழகிய நீர்க்கட்டியோ மடையனோ இன்னும் உயிரோடு இருந்தால் அவரும் கட்டாயம் உடன் வர வேண்டும். ஏரி, உபரி நீர் வழியும் கலுங்கு வரை நிரம்பினால் தண்ணீர் எதுவரை வந்து நிற்கும் என்பதை அளவர் கருவியில் காட்டுவதற்கு முன்பே அவர் காலால் காட்டிவிடுவார்.

நம் கண் எப்போதும் உள்வாயில் எழுந்த கட்டடத்தின் மேல்தான் போகும். ஆனால் ஏரியைக் கொல்வது பெரும்பாலும் அதற்கு நீர் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால் அடைபடுவதுதான். தமிழகத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. மேல் ஏரியின் உபரி கலுங்கு வழியே கீழ் ஏரிக்கு வரும் சங்கிலித் தொடர்கள் அவை. இடையிலுள்ள வாய்க்காலில் நான்கடி அகலத்தை ஒருவர் தூர்த்துவிட்டால், கீழேயுள்ள ஏரி நல்ல மழையாண்டிலும் வறண்டு கிடக்கும். சில ஆண்டுகள் அப்படிக் கிடந்தால், "இது பயன்பாட்டில் இல்லாத ஏரி" என்று அறிக்கை எழுதி, பேருந்து நிலையத்துக்கோ அரசுக் கட்டடத்துக்கோ அதை மாற்றக் கோப்பு நகரத் தொடங்கும். சென்னையில் 1920-களில் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை எழுப்பியபோது, நகரத்துக்கு நிலம் தேவை என்றாவது வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்று மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' என்ற பெயருள்ள சாலையில் நின்று எந்த ஏரியைப் பார்ப்பது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே நடையில் பாதி நேரத்தை வாய்க்காலுக்குக் கொடுங்கள். சில வாய்க்கால்கள் தனிச் சர்வே எண் இல்லாமல், பட்டா நிலத்தின் ஊடே புலப்படத்தில் கோடாக மட்டும் காட்டப்பட்டிருக்கும். மனைப்பிரிவு போடும்போது முதலில் காணாமல் போவது அவைதான். அத்தகைய மனைப்பிரிவுக்கு அனுமதி கேட்டிருந்தால், வெள்ளநீர் வடிவதைப் பற்றிய நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று கோப்பில் இருக்கிறதா என்று ஊராட்சியிடம் கேட்பது உங்கள் உரிமை.

நடக்கும்போது மண் அள்ளிய குழிகளையும் பாருங்கள். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரியின் வண்டலையும் களிமண்ணையும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள விதி இருக்கிறது. 2024 முதல் தாசில்தாரே அதற்கு அனுமதி தரலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வண்டல் என்பது மேற்பரப்பில் படிந்திருப்பது. மதகின் அடிமட்டத்துக்கும் கீழே ஆழமாக, அதுவும் கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால், அது தூர்வாரல் ஆகாது. அங்கே தேங்கும் நீர் பாசனத்துக்கு வராது, கரையும் பலமிழக்கும். குழியின் ஆழத்தை ஒரு கயிற்றைக் கொண்டு அளந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். அனுமதி ஆணையில் எவ்வளவு கனமீட்டர், யாருடைய நிலத்துக்கு என்று எழுதியிருக்கும். வண்டி எங்கே போகிறது என்பதை ஊரில் எல்லாரும் அறிவார்கள்.

கிராம சபையில் தீர்மானம் எழுதுவது

ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றுள் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் என்பதால் ஏரிக்குப் பொருத்தமானது. ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்திலும் சபை கூடத்தான் வேண்டும். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்ற பிறகும் கிராம சபைகள் நடந்தன.

குறைவெண் (கூட்டம் செல்ல வர வேண்டிய குறைந்த ஆள் எண்ணிக்கை) கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். மக்கள் தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ஏரியைப் பற்றிய தீர்மானம் வருகிறது என்று தெரிந்தால் ஆள் வராமல் பார்த்துக்கொள்வதும் ஓர் உத்தி. அதை முறியடிக்க வீடு வீடாகச் சென்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே தீர்மான வாசகத்தை எழுதி ஊராட்சிச் செயலரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

வாசகம்தான் உயிர். "ஏரியைப் பாதுகாக்க வேண்டும் என்று இச்சபை கேட்டுக்கொள்கிறது" என்ற வரிக்கு ஒரு பயனும் கிடையாது. பின்வருமாறு எழுதிப் பாருங்கள்: "இன்ன கிராமத்தின் சர்வே எண் இன்னதில் இத்தனை ஹெக்டேர் பரப்புள்ள ஏரியை நில அளவர் கொண்டு அளந்து எல்லைக் கல் நட வருவாய் வட்டாட்சியரைக் கோருவது என்றும், அவ்வெண்ணில் அமையும் எந்தக் கட்டுமானத்துக்கும் இவ்வூராட்சி வீட்டு வரி விதிப்பதோ குடிநீர் இணைப்பு வழங்குவதோ சாலை அமைப்பதோ இல்லை என்றும், அதன் வகைப்பாட்டை மாற்றும் எந்த முன்மொழிவுக்கும் இச்சபை ஒப்புதல் அளிக்கவில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." இதில் முதல் பகுதி பிற துறைக்கு வேண்டுகோள், இரண்டாவது ஊராட்சி தன்னைத் தானே கட்டிக்கொள்வது, மூன்றாவது வருங்காலத்துக்கான காப்பு. இரண்டாவது பகுதியைச் சேர்க்கும்போதுதான் மேடையில் இருப்பவர்களின் முகம் மாறும். அது இல்லாமல் தீர்மானத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் எழுதி முடித்து, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுப் பக்கத்தில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் பழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

கிராம சபைத் தீர்மானம் நீதிமன்றத் தீர்ப்பைப் போலத் தானே செயல்படுவதில்லை. ஆனாலும் அதற்குள்ள எடையை மதுரை மாவட்டம் காட்டியது. மேலூர்ப் பகுதியில் அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய ஏறக்குறைய 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்துவிட்டது என்று 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது, அப்பகுதி ஊராட்சிகள் கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9-ஆம் தேதி சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் மதுரைக்கு நடந்தே போனதும் இதற்குக் காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தீர்மானம் மட்டும் தனியாக நின்றிருந்தால் இவ்வளவு விரைவில் முடிந்திராது.

பல்லுயிர் மேலாண்மைக் குழு

அரிட்டாபட்டிக்கு இன்னொரு பலமும் இருந்தது. 2022 நவம்பரிலேயே அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் 193 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட பரப்பு, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. இதற்கு அடிப்படையான பல்லுயிர் பெருக்கச் சட்டம், 2002, ஒவ்வோர் உள்ளாட்சியிலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது; மக்கள் பல்லுயிர் பதிவேடு தயாரிப்பது அக்குழுவின் முதன்மையான பணி. உங்கள் ஊராட்சியிலும் தாளில் அந்தக் குழு இருக்கக்கூடும். 2020 ஜனவரிக்குள் எல்லா உள்ளாட்சிகளிலும் குழுவும் பதிவேடும் முடிந்திருக்க வேண்டும், தவறினால் மாதந்தோறும் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களுக்குக் கெடு விதித்தது. கெடுவுக்குப் பயந்து செய்த வேலை எப்படியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தாம் உறுப்பினர் என்பதே தெரியாத உறுப்பினர்கள் உண்டு.

ஆகவே குழு உறுப்பினர் பட்டியலையும் பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள். ஏரியில் வந்து தங்கும் பறவைகள், மீன் வகைகள், கரையிலுள்ள மரங்கள், மேய்ச்சலுக்கு வரும் கிடைகள் ஆகியவை பதிவேட்டில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியர், மீன் பிடிப்பவர், கிடை போடுபவர், நாட்டு வைத்தியம் தெரிந்தவர் என்று ஆட்களை முன்மொழியுங்கள். நாளை ஒரு திட்டம் வரும்போது, "இது ஒன்றுமில்லாத தரிசு" என்று ஆலோசனை நிறுவனம் எழுதும் அறிக்கைக்கு எதிராக ஊராட்சியின் முத்திரையோடு நிற்கக்கூடிய ஆவணம் இது ஒன்றுதான்.

ஈரநில விதிகள் எதுவரை கைகொடுக்கும்

இங்கே பலருக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஈரநிலங்களுக்கென்று 2017-ல் தனி விதிகள் வந்துவிட்டன, ஆகவே நம் ஏரி பாதுகாக்கப்பட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். அவ்விதிகளின் வரையறையிலிருந்து ஆற்றுப்படுகைகளும் நெல்வயல்களும், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளும் விலக்கப்பட்டிருக்கின்றன. தமிழகத்து ஏரிகள் ஏறக்குறைய எல்லாமே பாசனத்துக்காக மனிதர் கட்டியவை. பல நூற்றாண்டுகளாகப் பறவைகள் வந்து முட்டையிடும் ஏரியும்கூட இந்த ஒரு வரியால் வெளியே நின்றுவிடக்கூடும்; விதியை எழுதியவர்களின் மனத்தில் நம் ஊர்க் கண்மாய் இல்லை என்பது என் எண்ணம்.

ஆயினும் வழி முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பன்னாட்டுப் பட்டியலான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற இடங்களுக்கும், மாநில அரசு தனியாக அறிவிக்கை செய்யும் ஈரநிலங்களுக்கும் அவ்விதிகள் பொருந்தும். தமிழ்நாட்டில் 2002-ல் கோடியக்கரை ஒன்றே ராம்சார் தலமாக இருந்தது. 2025 தொடக்கத்தில் ராமநாதபுரத்துச் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் கண்மாய்கள் சேர்ந்தபோது எண்ணிக்கை 20 ஆனது. வேடந்தாங்கல், கரிக்கிலி, கூந்தன்குளம், கரைவெட்டி, வடுவூர் என்று அப்பட்டியலில் உள்ள பலவும் பாசன ஏரிகளே. அதாவது, உங்கள் ஏரிக்கும் அந்தத் தகுதியைக் கோர முடியும். மாவட்ட ஆட்சியரின் தலைமையில் இயங்கும் மாவட்ட ஈரநிலக் குழுவுக்கும் வனத்துறை அலுவலருக்கும் பறவைக் கணக்கெடுப்பையும் கிராம சபைத் தீர்மானத்தையும் இணைத்து அனுப்புங்கள். அறிவிக்கை கிடைத்தால், ஆக்கிரமிப்பு, குப்பை, கழிவுநீர் ஆகியவற்றோடு, கடந்த பத்தாண்டுகளின் சராசரி உயர் வெள்ளமட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் படகுத்துறையைத் தவிர்த்த நிரந்தரக் கட்டுமானமும் தடைசெய்யப்படும். ஆயக்கட்டு விவசாயிகளிடம் முதலில் பேசிவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். பறவைக்காக மடையை மூடிவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருக்கும். அந்த அச்சத்தைப் போக்காமல் அனுப்பும் கோரிக்கை ஊரை இரண்டாகப் பிரித்துவிடும்.

உள்ளாட்சியே கெடுக்கும்போது

கண்காணிக்க வேண்டியவரே குப்பை வண்டியை ஏரிக்கு அனுப்பினால் என்ன செய்வது? இது அரிதான நிலை அன்று. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் 1,248 ஹெக்டேர் 2022-ல் ராம்சார் தலமானது. அதன் ஓரத்திலேயே சென்னை மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு பல பத்தாண்டுகளாக மலைபோல் வளர்ந்த பிறகே அகழ்ந்து அகற்றும் பணி தொடங்கியது. இத்தகைய நிலையில் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ மனு எழுதிக்கொண்டிருப்பதில் பயனில்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி, நீரின் மாதிரி எடுத்துச் சோதிக்கக் கோருங்கள். ஊராட்சிகளின் உதவி இயக்குநருக்கு அல்லது நகராட்சி நிர்வாகத்தின் மண்டல அலுவலருக்கு நகல் அனுப்புங்கள். நீங்களே பாட்டிலில் பிடித்துத் தனியார் ஆய்வகத்தில் கொடுத்த முடிவை எதிர்த்தரப்பு எளிதில் தள்ளிவிடும். வாரியத்தின் மாதிரி எடுக்கும் முறைக்குத்தான் சட்டத்தில் மதிப்பு.

வருவாய்த்துறையை அசைப்பது

ஆக்கிரமிப்பை அகற்ற இரண்டு சட்டங்கள் உள்ளன. ஒன்று, 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். எல்லா அரசு நிலத்துக்கும் இது பொருந்தும். விளக்கம் கேட்கும் அறிவிப்பு 7-ஆம் பிரிவின்படியும், வெளியேற்றும் அறிவிப்பு 6-ஆம் பிரிவின்படியும் வரும். எண் வரிசை தலைகீழாக இருப்பதால் குழம்ப வேண்டாம். மற்றது, 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். இது அன்றைய பொதுப்பணித்துறையின் ஏரிகளுக்காக இயற்றப்பட்டது. உங்கள் ஏரி ஊராட்சிக்கோ ஒன்றியத்துக்கோ உரியது என்றால் 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் மனுவில் குறிப்பிட வேண்டும். தவறான சட்டத்தைக் குறிப்பிட்டதால் ஓராண்டு கோப்பு தூங்கிய ஊர்களை நான் அறிவேன்.

பி மெமோ என்பதைப் பற்றியும் ஒரு சொல். புறம்போக்கில் இருப்பவர் மீது கிராம நிர்வாக அலுவலர் எழுதும் ஆக்கிரமிப்புக் குறிப்பு அது. அதன் பேரில் அபராதம் வசூலிக்கப்படும். அந்த ரசீதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்து, "அரசே எனக்கு ரசீது தந்திருக்கிறது" என்று உரிமை கொண்டாடுவோர் உண்டு. அது உரிமைச் சான்று அன்று, குற்றச் சான்று. ஆண்டுதோறும் பி மெமோ மட்டும் போட்டுவிட்டு வெளியேற்றும் நடவடிக்கை எடுக்காமல் இருக்கிறார்கள் என்றால், அதையே மனுவின் மையமாக்குங்கள்.

மனுவைத் தாசில்தாருக்கு எழுதி, கோட்டாட்சியருக்கும் ஆட்சியருக்கும் நகல் வைத்து, பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளிலும், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாளிலும் அதே மனுவைக் கொடுத்து எண் பெறுங்கள். விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் நீர்வளத்துறை, வருவாய்த்துறை, ஒன்றிய அலுவலர் எல்லாரும் ஒரே அறையில் இருப்பதால் ஒருவர் மேல் ஒருவர் கைகாட்டுவது கடினம். கோடையில் நடக்கும் ஜமாபந்தியில், அதாவது வருவாய்த்துறையின் ஆண்டுக் கணக்குத் தணிக்கையில், கிராமக் கணக்குகள் வெளியே வரும். 'அ' பதிவேட்டுத் திருத்தம் கேட்க அதைவிட நல்ல நாள் இல்லை.

அகற்றும் வரிசையைப் பற்றியும் ஊர் பேசி முடிவெடுக்க வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் நிலமற்ற குடும்பங்கள் போட்ட குடிசைகள் முதல் நாளே இடிபடுவதும், வேலி போட்டு ஐந்து ஏக்கர் தென்னை வைத்திருப்பவர் இடைக்காலத் தடை வாங்கிவருவதும் வழக்கமாக நடப்பது. கிராம சபைத் தீர்மானத்திலேயே, வாய்க்காலையும் கலுங்கையும் அடைக்கும் ஆக்கிரமிப்பும் பெரிய பரப்பும் முதலில் என்றும், வீடற்றோருக்கு மாற்று மனை ஒதுக்கிய பிறகே அவர்களை அகற்றுவது என்றும் எழுதிவிட்டால், நியாயமும் நிற்கும், எதிர்ப்பும் குறையும்.

நீதிமன்றமும் தீர்ப்பாயமும்

மனுக்களுக்குப் பலனில்லை என்று ஆனபிறகுதான் இந்தக் கதவு. நீர்நிலைப் புறம்போக்கைக் காக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்பதைச் சென்னை உயர்நீதிமன்றம் 2005-ல் எல். கிருஷ்ணன் வழக்கிலும், ஊர்ப் பொதுநிலங்களை மீட்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கிலும் தெளிவுபடுத்தியிருக்கின்றன. வெறும் ஆக்கிரமிப்பு என்றால் உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. கழிவு, குப்பை, ஈரநில விதிமீறல், பல்லுயிர்ச் சட்டமீறல் என்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு. தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். மனு மேல் மனுவாகப் போட்டு ஓராண்டைக் கழித்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். ஆகவே முதல் மனு கொடுத்த நாளையே நாட்காட்டியில் குறித்துவைத்து, நான்காம் மாதத்தில் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

அகற்றிய பிறகு

இயந்திரம் வந்து இடித்துவிட்டுப் போன மறுநாளே எல்லைக் கல் நடப்பட வேண்டும். இல்லையென்றால் ஆறு மாதத்தில் வேலி திரும்ப வந்துவிடும். கல்லின் இருப்பிடங்களைக் குறித்த அளவை வரைபடத்தின் நகலை ஊராட்சி அலுவலகத்திலும் பள்ளியிலும் நூலகத்திலும் ஒவ்வொன்று வையுங்கள். கரையின் வெளிச்சரிவில் பனை நடலாம். உள்வாயில் 'பசுமையாக்கல்' என்று மரம் வைப்பதும் நடைபாதை போடுவதும் நீர் பரப்பைக் குறைப்பவை என்பதால் அவற்றுக்கு ஊராட்சி நிதி ஒதுக்கும்போது ஆட்சேபம் தெரிவியுங்கள். மீன்பாசி குத்தகை ஒப்பந்தத்தில், குத்தகைதாரர் கலுங்கின் மட்டத்தை மாற்றவோ மடையை அடைக்கவோ கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று ஏலத்துக்கு முன்பே பாருங்கள். ஜூலை 1-ல் புதுப் பசலி பிறக்கும். ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதத்தில் அதே சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டுச் சாற்றையும் அடங்கல் நகலையும் புதிதாக எடுத்து, முந்தைய ஆண்டின் தாளோடு வரி வரியாக ஒப்பிட்டு, அதே கோப்பில் போட்டு வையுங்கள்.